லிங்க்ஸ் மைதானத்துல விமென்ஸ் ஓபன் பாக்கப் போறீங்களா? முதல் தடவை போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டன்ல ஒவ்வொரு கோடையிலயும் நடக்குற விமென்ஸ் ஓபன், பெண்கள் தொழில்முறை கோல்ஃப்ல இருக்குற அஞ்சு மேஜர்ல, அதாவது ரொம்பப் பெரிய போட்டிகள்ல ஒண்ணு. 1976ல தொடங்குன போட்டி, 2001ல இருந்து மேஜர். 2026ல ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 2 வரைக்கும் இங்கிலாந்தோட வடமேற்குக் கரையில இருக்குற ராயல் லித்தம் அண்ட் செயின்ட் ஆன்ஸ் மைதானத்துல நடக்குது. கோல்ஃப் பத்தி கொஞ்சம்தான் தெரியும், ஆனா நேர்ல போய் பாக்கணும்னு ஆசை இருக்குன்னா, இல்ல வீட்ல டிவியிலயாவது ஒழுங்கா புரிஞ்சு பாக்கணும்னா, அதுக்குத்தான் இது. நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம் ஒண்ணே ஒண்ணு: லிங்க்ஸ்ல பந்து வானத்துல பறக்குறத பாக்காதீங்க, தரையில விழுந்த பிறகு என்ன ஆகுதுன்னு பாருங்க. மத்ததெல்லாம் அதுக்கு உதவி பண்ணத்தான்.

முதல்ல மைதானத்த புரிஞ்சுக்குங்க

லிங்க்ஸ்ங்கறது கடலுக்கும் விவசாய நிலத்துக்கும் நடுவுல இருக்குற மணல் நிலம். பயிர் பண்ண லாயக்கில்லாத நிலம், ஆடு மேய்ச்சாங்க, முயல் வளை தோண்டுச்சு, அங்கதான் ஸ்காட்லாந்துக்காரங்க பந்து அடிச்சு விளையாட ஆரம்பிச்சாங்க. மணல்ங்கறதால எவ்ளோ மழை பெஞ்சாலும் தண்ணி உடனே கீழ எறங்கிடும், மேல வளர்ற ஃபெஸ்க்யூ புல்லு மெல்லிசா ஊசி மாதிரி இருக்கும், அதனால தரை கட்டாந்தரையா கெட்டியா இருக்கும். மரம் அநேகமா கிடையாது. அதுக்கு பதிலா மஞ்சப் பூ பூக்குற முள்ளுப் புதர் இருக்கும், வெயில் அடிச்சா அதுல இருந்து தேங்காய் வாசம் வரும், நெஜமாவே தேங்காய் வாசம்தான். ஆனா பந்து உள்ள போச்சுன்னா எடுக்கறது கஷ்டம்.

மரம் இல்லன்னா காத்துக்கு தடுப்பு இல்ல. தரை கெட்டியா இருந்தா விழுந்த பந்து நிக்காம ஓடும். லிங்க்ஸ் கோல்ஃப் மொத்தமும் இந்த ரெண்டுலதான் அடங்கியிருக்கு.

ஒண்ணு கவனிச்சுக்குங்க, இந்தப் போட்டி எல்லா வருஷமும் லிங்க்ஸ்ல நடக்காது. சன்னிங்டேல், வோபர்ன், வால்டன் ஹீத் இதெல்லாம் உள்நாட்டு மைதானம், அங்கயும் நடந்திருக்கு, 2023ல லிலியா வூ ஜெயிச்சது வால்டன் ஹீத்ல. அந்த மைதானங்களும் அருமையானதுதான், ஆனா முதல் தடவை போறதா இருந்தா லிங்க்ஸ்ல நடக்குற வருஷமா பாத்து போங்கன்னுதான் நான் சொல்லுவேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ், கார்னூஸ்டி, ராயல் ட்ரூன், மியூர்ஃபீல்டு, ராயல் பிர்க்டேல், ராயல் லிவர்பூல், டர்ன்பெரி, கிங்ஸ்பார்ன்ஸ், வேல்ஸ்ல இருக்குற ராயல் போர்த்கால், இப்ப வரப்போற லித்தம், இதெல்லாம் லிங்க்ஸ் பட்டியல்ல வரும்.

ஏன் பெண்கள் போட்டியில லிங்க்ஸ் இன்னும் நல்லா புரியும்

ஆண்கள் டூர்ல டிரைவர்ங்கற, ரொம்ப தூரம் அடிக்கற மட்டைய எடுத்து 300 யார்டு அடிக்கறது சர்வ சாதாரணம், பெண்கள் டூர்ல சராசரி 250 யார்டு பக்கம். அதனால என்ன ஆகுதுன்னா, நிறைய ஹோல்ல பசங்க உயரமா தூக்கி நேரா கிரீன்ல (குழியும் கொடியும் இருக்குற ஒட்ட வெட்டுன புல்தரை) எறக்குற இடத்துல, இவங்க தரைய பயன்படுத்தியே ஆகணும், எங்க எறக்குனா எந்தப் பக்கம் உருளும், எந்த மேடு பந்த இடது பக்கம் தள்ளும்னு கணக்கு போட்டு அடிக்கணும். லிங்க்ஸ் மைதானங்கள் உருவானதே அப்படி விளையாடத்தான்.

இதுக்கு 2014ல ராயல் பிர்க்டேல்ல மோ மார்ட்டின் ஜெயிச்சத விட நல்ல உதாரணம் கிடையாது. டூர்லயே கம்மி தூரம் அடிக்கறவங்கள்ல ஒருத்தர் அவங்க. கடைசி நாள் 18ஆவது ஹோல், பார் 5 (அஞ்சு ஷாட்ல முடிக்கணும்னு கணக்கு), ரெண்டாவது ஷாட்டுக்கு 3 வுட்ங்கற, தூரம் அடிக்கற மட்டைய எடுத்து அடிச்சாங்க, பந்து கிரீனுக்கு முன்னாடியே விழுந்து ஓட ஆரம்பிச்சுது, ஓடிக்கிட்டே போய் கொடிக்கம்பத்துல மோதி பக்கத்துலயே நின்னுது. அந்த பட்ட (குழிக்குள்ள உருட்டுற ஷாட்ட) போட்டு ஈகிள், அதாவது பார விட ரெண்டு கம்மி, மொத்தம் ஒரு அண்டர் பார் (நாலு நாளும் சேத்து பார விட ஒண்ணு கம்மி), அப்புறம் பின்னாடி வர்றவங்க எல்லாம் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்துல மேஜர் சாம்பியன் ஆனாங்க. வெறும் பலத்தால ஜெயிச்ச ஜெயம் இல்ல அது, தரைய படிச்சதால வந்த ஜெயம்.

டிக்கெட், எந்த நாள் போகலாம்

போட்டி வியாழன்ல தொடங்கி ஞாயிறு முடியும், நாலு நாள், நாளைக்கு 18 ஹோல். 144 பேர் ஆரம்பிப்பாங்க, வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் கட், முதல் 65 இடத்துல இருக்கறவங்களும் அதே ஸ்கோர் வச்சிருக்கறவங்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடுவாங்க. அதுக்கு முன்னாடி திங்கள்ல இருந்து பயிற்சி நாட்கள்.

ஒரே ஒரு நாள்தான் முடியும்னா நான் வெள்ளிக்கிழமைய சொல்லுவேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எல்லா ஆட்டக்காரங்களும் மைதானத்துல இருப்பாங்க, கட்டுக்கு மேலயும் கீழயும் தொங்கிக்கிட்டு இருக்கறவங்களோட டென்ஷன் நேர்ல பாக்கும்போது வேற மாதிரி. ஞாயித்துக்கிழமை கோப்பை நாள், சந்தோஷமா இருக்கும், ஆனா எல்லாரும் கடைசி ரெண்டு மூணு குரூப் பின்னாடியே போவாங்க, புதுசா போறவங்களுக்கு கூட்டத்துக்கு நடுவுல ஒண்ணும் தெரியாது. கோல்ஃப் கத்துக்கிட்டு இருக்கறவங்களா இருந்தா செவ்வாய் இல்ல புதன் போங்க, பயிற்சி நாள்ல ஒரே இடத்துல இருந்து நாலஞ்சு பந்து போட்டு பாப்பாங்க, எந்தப் பக்கம் உருளுதுன்னு கேடியோட (பை தூக்கிக்கிட்டு கூட வர்ற உதவியாளர்) பேசிக்கிட்டே நோட்புக்ல குறிச்சுக்குவாங்க, அது ஒரு பாடம்.

டிக்கெட்ட அதிகாரப்பூர்வ தளத்துலயே முன்கூட்டியே வாங்கிடுங்க. பெரியவங்களோட வர்ற சின்னப் பசங்களுக்கு இலவச அனுமதி குடுக்கறது இந்தப் போட்டியில வழக்கம், புக் பண்ணும்போதே அவங்க பேரையும் சேத்துடுங்க.

போய்ச் சேர்றது

லிங்க்ஸ் மைதானங்கள் வளர்ந்ததே ரயில் வந்த பிறகுதான், அதனால நிறைய இடத்துக்கு ரயில்லயே போயிடலாம், காரே வேண்டாம். லித்தம் போறதா இருந்தா பிரெஸ்டன் ஜங்ஷன்ல எறங்கி பிளாக்பூல் சவுத் போற வண்டியில மாறுங்க, அன்ஸ்டெல் அண்ட் ஃபேர்ஹேவன், செயின்ட் ஆன்ஸ் ஆன் த சீ ரெண்டு ஸ்டேஷனுமே மைதானத்துக்கு கிட்ட. அந்த தண்டவாளமே மைதானத்த ஒட்டித்தான் போகுது, 2ஆவது, 3ஆவது ஹோல்ல வலது பக்கம் இழுத்து அடிச்சா பந்து ரயில்வே பக்கம் போய் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது எல்லைக்கு வெளிய. கார்னூஸ்டிக்கும் ட்ரூனுக்கும் ஊர்லயே ஸ்டேஷன் இருக்கு. செயின்ட் ஆண்ட்ரூஸ்க்கு ரயில் கிடையாது, லூக்கர்ஸ்ல எறங்கி பஸ் பிடிக்கணும்.

தங்கறதுக்கு ஊருக்குள்ள இடம் கிடைக்கறது கஷ்டம், விலையும் ஏறிடும். ரெண்டு மூணு ஸ்டேஷன் தள்ளி தேடுங்க.

என்ன போட்டுக்கிட்டு போறது

ஆகஸ்ட் மாசம்தானேன்னு டீ ஷர்ட்டோட போயிடாதீங்க. மெல்லிசா ரெண்டு மூணு அடுக்கு, மேல காத்தும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட், காதை மூடுற தொப்பி ஒண்ணு பையில. குடை கொண்டு போறது வேஸ்ட், அந்தக் காத்துல மடங்கிடும், பின்னாடி நிக்கிறவங்களுக்கும் மறைக்கும். ஷூ முக்கியம், மணல் மேட்டுல புல்லு வழுக்கும், அடியில பிடிப்பு இருக்குற நடக்குற ஷூ போடுங்க, நாள் முழுக்க நடந்தா பத்து கிலோமீட்டர் சாதாரணமா வந்துடும். வெயில் தெரியாதபடி காத்து அடிக்கும் ஆனா தோல் எரியும், அதனால சன்ஸ்கிரீன் கண்டிப்பா.

காத்து எந்த அளவுக்கு போகும்னு தெரியணும்னா 2012 ராயல் லிவர்பூல பாருங்க. வெள்ளிக்கிழமை காலையில ஆட்டம் தொடங்கி கொஞ்ச நேரத்துலயே நிறுத்திட்டாங்க, பந்து கிரீன்ல நிக்கவே இல்ல, அதுவரைக்கும் ஆடுன ஸ்கோர் எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல 36 ஹோல் ஆட வேண்டியதாச்சு. அதுல ஷின் ஜியாய் 9 ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க.

எங்க நிக்கிறது

புதுசா போறவங்க நேரா போய் ஒரு ஸ்டார் ஆட்டக்காரர் பின்னாடி நடக்க ஆரம்பிச்சுடுவாங்க. அத மத்தியானத்துக்கு வச்சுக்குங்க. காலையில முதல் ஒரு மணி நேரம் ஒரே ஒரு பார் 3 ஹோலோட கிரீன் பக்கத்துல போய் உக்காருங்க. லித்தம்ல இதுக்கு வசதி ஜாஸ்தி, ஏன்னா அங்க முதல் ஹோலே பார் 3, ஆண்கள் ஓபன் நடக்குற மைதானங்கள்ல இப்படி தொடங்கறது அது ஒண்ணுதான். ஒவ்வொருத்தரும் ஒரே இடத்துல இருந்து அடிப்பாங்க, ஒரே காத்து, ஒரே கொடி, ஆனா ஒருத்தர் பந்த உயரமா தூக்குவாங்க, ஒருத்தர் தாழ்வா விட்டு உருட்டுவாங்க, கிரீனச் சுத்தி பங்கர்ங்கற மணல் குழி வேற, யார் பந்து எந்த மேட்டுல பட்டு எங்க திரும்புதுன்னு பாத்துக்கிட்டே இருந்தா பத்து குரூப் போறதுக்குள்ள அந்தத் தரையோட சாய்வு உங்களுக்கே மனப்பாடம் ஆயிடும், அடுத்தவங்க பந்து விழும்போதே இது வலது பக்கம் போகும்னு நீங்களே சொல்லுவீங்க. அங்க இருந்துதான் லிங்க்ஸ் ருசி தொடங்குது.

ட்ரூன்ல நடந்தா இதே மாதிரி 8ஆவது ஹோல், போஸ்டேஜ் ஸ்டாம்ப்னு பேரு, 123 யார்டுதான், தபால் தலை அளவு கிரீன், சுத்திலும் ஆழமான பங்கர். கார்னூஸ்டின்னா 17, 18 பக்கம் போயிடுங்க, பேரி பர்ன்னு ஒரு ஓடை வளைஞ்சு வளைஞ்சு குறுக்க வந்துக்கிட்டே இருக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 17ஆவது ரோடு ஹோல். கிரீனுக்கு முன்னாடி ஒரு குழி பங்கர், பின்னாடி தார் ரோடும் கல் சுவரும், நடுவுல ஒடுங்குன கிரீன். 2024 கடைசி நாள் லிடியா கோ அந்த ஹோல 3 வுட் எடுத்து சமாளிச்சு பார் எடுத்துட்டு, 18ல பர்டி (பார விட ஒண்ணு கம்மி) போட்டு 7 அண்டர்ல ஜெயிச்சாங்க, பாரிஸ்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு அப்போ.

மத்தியானத்துக்கு மேல ஒரு குரூப் கூட நடங்க. ஆனா அவங்க கூடவே நடக்காம, அவங்க அடிக்கறதுக்கு முன்னாடியே அடுத்த பந்து விழற இடத்துக்கு முன்னால போயிடுங்க. டீ (ஒவ்வொரு ஹோல்லயும் முதல் ஷாட் அடிக்கற இடம்) பக்கத்துல நின்னா ஒரு சத்தம் கேக்கும், அவ்ளோதான். பந்து விழுந்து ஓடுற இடத்துலதான் கதை நடக்குது.

எதைப் பாக்கணும்

கிரீனுக்கு வெளிய, இருபது முப்பது யார்டு தூரத்துல இருந்தே பட்டர்ங்கற, பந்த உருட்டுற மட்டைய எடுத்து உருட்டுவாங்க. டிவியில முதல்ல பாக்கறவங்களுக்கு இது ஏதோ பயந்து ஆடுற மாதிரி தோணும், இல்லவே இல்ல, கெட்டியான தரையில பந்துக்கு கீழ மட்டைய நுழைக்கறது அபாயம், காத்துல தூக்குனா எங்க போகும்னு சொல்ல முடியாது, உருட்டுறதுதான் புத்திசாலித்தனம். அதே மாதிரி கொடிய நோக்கி அடிக்காம ரொம்ப தள்ளி வேற பக்கம் பாத்து நிப்பாங்க, காத்தும் சாய்வும் சேந்து கொண்டு வந்து விடும்னு தெரிஞ்சுதான்.

அப்புறம் பங்கர். வேற ஊர் மைதானத்துல பங்கர்ன்னா அகலமான மணல் தட்டு. இங்க அது குழி. கிட்ட போய் பாருங்க, பயிற்சி நாள்ல நல்லா பாக்கலாம்: புல்லோட வெட்டி எடுத்த மண் கட்டிய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி சுவர் மாதிரி எழுப்பியிருப்பாங்க, அடுக்குக்கு அடுக்கு கோடு தெரியும், மேல விளிம்புல புது புல்லு, கீழ பழசு காஞ்சு பழுப்பா இருக்கும். சில இடத்துல சுவர் ஆட்டக்காரரோட தலை உயரம். சுத்தி இருக்குற தரையும் அந்தக் குழிய நோக்கித்தான் சரியும், அதனால பத்தடி தள்ளி விழுந்த பந்து கூட மெதுவா உருண்டு வந்து உள்ள எறங்கும். சுவரோட ஒட்டி நின்னுடுச்சுன்னா முன்னாடி அடிக்க வழியே இல்ல, பக்கவாட்டுல, சில சமயம் பின்பக்கமாவே அடிச்சு வெளிய எடுக்கணும். லித்தம்ல இப்படி 170க்கு மேல பங்கர் இருக்கு. அந்த எண்ணிக்கைதான் அந்த மைதானத்தோட குணம்.

பங்கர்ல இருந்து வர்ற ஷாட் எவ்ளோ பெருசுன்னு தெரிய 2022 மியூர்ஃபீல்டு. தென் ஆப்பிரிக்காவோட ஆஷ்லி பூஹாய் அஞ்சு ஷாட் முன்னிலையோட கடைசி நாள தொடங்கி, 15ல ட்ரிபிள் போகி (பார விட மூணு அதிகம்) போட்டு எல்லாத்தையும் இழந்து, சுன் இன் ஜீ கூட பிளே ஆஃப், அதாவது சமநிலைய முறிக்க கூடுதல் ஆட்டம். 18ஆவது ஹோலயே திரும்பத் திரும்ப ஆடுனாங்க, நாலாவது தடவை ஆடும்போது கிட்டத்தட்ட இருட்டிடுச்சு. அந்த வெளிச்சத்துல கிரீன் பக்க பங்கர்ல இருந்து பந்த கொடிக்குப் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்துனாங்க, பார், மேஜர். அந்த ஒரு ஷாட்ட தேடிப் பாருங்க, கண்டிப்பா.

ஸ்கோர் போர்டு படிக்கறது

பார்ங்கறது அந்த ஹோலுக்கு எதிர்பாக்குற ஷாட் எண்ணிக்கை. ஒண்ணு கம்மின்னா பர்டி, ரெண்டு கம்மின்னா ஈகிள், ஒண்ணு அதிகம்னா போகி. போர்டுல சிவப்பு எண் அண்டர் பார். இதுக்கு மேல தெரிஞ்சுக்க வேண்டியது டீ டைம், அதாவது ஒவ்வொருத்தரும் ஆட்டத்த தொடங்குற நேரம். வியாழன் காலையில ஆடுனவங்க வெள்ளி மத்தியானம் ஆடுவாங்க, மத்தவங்களுக்கு நேர்மாறா. கடலோரத்துல காலையில காத்து அடங்கி இருந்துட்டு மத்தியானம் எழும்பும், ஆனா அதுவும் நிச்சயம் இல்ல, அதனால ஒரு பாதிப் பேருக்கு நல்ல வானிலையும் இன்னொரு பாதிக்கு மோசமானதும் மாட்டும். ஸ்கோர பாக்கும்போது எப்ப ஆடுனாங்கன்னும் பாருங்க. காத்துல போட்ட 72, காத்தில்லாம போட்ட 68ஐ விட பெருசா இருக்கலாம். 2009ல இதே லித்தம்ல மொத்தப் போட்டியிலயும் பாருக்கு கீழ முடிச்சது கேட்ரியோனா மேத்யூ ஒருத்தர் மட்டும்தான், 3 அண்டர், ரெண்டாவது குழந்தை பொறந்து 11 வாரம்தான் ஆகியிருந்துச்சு, மேஜர் ஜெயிச்ச முதல் ஸ்காட்லாந்து பெண் அவங்கதான்.

வீட்ல இருந்து பாக்கறவங்களுக்கு: இந்தியா, இலங்கை நேரம் அங்க விட நாலரை மணி நேரம் முன்னாடி, அதனால கடைசி குரூப் முடிக்கும்போது இங்க ராத்திரி ஆயிடும். இந்திய ஆட்டக்காரங்க அதிதி அசோக், தீக்ஷா டாகர் பேரு டீ டைம் பட்டியல்ல இருக்கான்னு பாத்துக்குங்க, ரெண்டு பேருமே இந்தப் போட்டியில ஆடியிருக்காங்க.

நடந்துக்குற முறை

மார்ஷல் (கூட்டத்த ஒழுங்கு பண்றவர்) கை தூக்குனா நின்ன இடத்துலயே நில்லுங்க, பேச்ச நிறுத்துங்க. ஃபோன் சைலன்ட்ல இருக்கட்டும், போட்டி நாள்ல படம், வீடியோ எடுக்க கட்டுப்பாடு இருக்கும், டிக்கெட்டோட வர்ற விதிகள படிச்சுடுங்க. "ஃபோர்!"ன்னு யாராவது கத்துனா திரும்பிப் பாக்காதீங்க, உடனே குனிஞ்சு தலைய ரெண்டு கையாலயும் மூடுங்க, பசங்க கூட இருந்தா இத முன்னாடியே சொல்லிக் குடுத்துடுங்க.

இந்த மைதானங்களுக்கு பெண்கள் வந்த கதை

இத தெரிஞ்சுக்கிட்டு போனா நீங்க பாக்கறதோட கனம் புரியும். ஓல்டு கோர்ஸ்ல பெண்கள் தொழில்முறை போட்டி முதல் தடவையா நடந்ததே 2007லதான், லொரேனா ஒச்சோவா ஜெயிச்சாங்க. அந்த முதல் டீக்குப் பின்னாடி நிக்கிற கிளப்ஹவுஸ், ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்போடது, அவங்க பெண்கள உறுப்பினரா சேக்க ஓட்டு போட்டது 2014 செப்டம்பர்ல. ட்ரூன் 2016 ஜூலைல. மியூர்ஃபீல்டுல 2016ல நடந்த ஓட்டெடுப்புல தேவையான மூணுல ரெண்டு பங்கு கிடைக்கல, ஆண்கள் ஓபன் பட்டியல்ல இருந்தே மைதானத்த நீக்கிட்டாங்க, மறு வருஷம் திரும்ப ஓட்டு போட்டு மாத்துனாங்க. 1744ல கோல்ஃபுக்கு முதல்ல விதி எழுதி வச்ச அதே கிளப் அது. அங்க 2022ல பெண்கள் மேஜர் நடந்து இருட்டுற வரைக்கும் கூட்டம் நின்னு பாத்துச்சுங்கறது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது. 1867லயே செயின்ட் ஆண்ட்ரூஸ்ல பெண்கள் தங்களுக்குன்னு பட்டிங் கிளப் வச்சிருந்தாங்க, அப்பவே ஆசை இருந்துச்சு, இடம்தான் குடுக்கல.

போட்டி இல்லாத நாள்ல போனா

அந்த பட்டிங் கிளப்போட கிரீன் இன்னைக்கும் இருக்கு, மேடும் பள்ளமுமா இருக்கறதால ஹிமாலயாஸ்னு கூப்பிடுவாங்க, வெளியூர்க்காரங்களும் கொஞ்சம் காசு கட்டி ஆடலாம், பட்டரும் பந்தும் அங்கயே குடுப்பாங்க. கோல்ஃபே தெரியாதவங்க கூட ஆடலாம், குடும்பத்தோட போனா இத விடாதீங்க, லிங்க்ஸ் தரை எப்படி பந்த இழுக்குதுன்னு கையாலயே தெரிஞ்சுடும்.

ஓல்டு கோர்ஸ்ல ஆடணும்னா ஹேண்டிகேப் சான்று (உங்க ஆட்டத் திறமைய எண்ணுல காட்டுற சான்று) வேணும், ரெண்டு நாள் முன்னாடி பேலட்ல பேரு குடுத்து குலுக்கல்ல வரணும். ஆட வேண்டாம், நடந்தா போதும்னா ஞாயித்துக்கிழமை போங்க, பொதுவா அன்னைக்கு ஓல்டு கோர்ஸ்ல ஆட்டம் கிடையாது, ஊர்க்காரங்க நாயக் கூட்டிக்கிட்டு நடப்பாங்க, நீங்களும் ஸ்வில்கன் பாலம் வரைக்கும் போய் 17ஆவது கிரீனோட பங்கர மேல இருந்து எட்டிப் பாக்கலாம், கிரீன் மேல மட்டும் கால் வைக்காதீங்க. பெரிய போட்டி நடக்குற ஞாயித்துக்கிழமைகள்ல இந்த வழக்கம் இருக்காது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் தளத்துல தேதிய ஒரு தடவை பாத்துக்குங்க.